மோட்டார் வண்டியின் வர்ணத்திற்கு ஒரு தெளிந்த கவசம்

புதிய மோட்டார் வண்டியின் பளபளப்பு அதன் சொந்தக்காரருக்கு மகிழ்ச்சி அளிப்பது இயல்பே. ஆயினும் வர்ணம் அழகுக்காக மட்டும் பூசப்படுவதன்று. வண்டியின் உடல் பெரும்பாலும் மெல்லிய உருக்குத் தகடுகளால் ஆனது. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் அத்தகட்டைத் தீண்டினால் துரு பற்றும். அவை இரண்டும் உருக்கை அணுகாதவாறு தடுத்து நிற்பதே வர்ணத்தின் முதற் கடமையாகும். எனவே வர்ணத்தில் விழும் ஒரு சிறு வடு, கண்ணுக்குக் குறையாகத் தோன்றுவதோடு நில்லாமல், துரு நுழைவதற்கு ஒரு வாயிலாகவும் அமைந்துவிடுகிறது.

இவ்வர்ணத்தைக் காக்கும் பொருட்டு, அதன்மீது நிறமற்ற பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் நம் நாட்டிலும் பரவி வருகிறது. வண்டி முழுவதையும் இவ்வாறு போர்த்துவதற்கு ஆகும் செலவு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. சேமித்த பணத்தைக் கொண்டும் வங்கிக் கடன் பெற்றும் முதல் வண்டியை வாங்கும் குடும்பத்திற்கு இது சிறிய தொகையன்று. இப்படலம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்த பின்னரே அச்செலவில் இறங்குவது பொருத்தமாகும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம். கருங்கல் தொழில், மாந்தோப்புகள், கடுங்கோடை, கடற்காற்று, யாத்திரிகர் போக்குவரத்து ஆகிய யாவும் ஒருசேர அமைந்த வட்டாரம் அது. வர்ணத்தின் எதிரிகள் அனைவரையும் அங்கே ஒருங்கே காணலாம்.

வர்ணத்தின் அடுக்குகள்

திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் அமைந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்படும் வரை இது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஜப்பானிய இசுசூ கம்பெனியின் மோட்டார் தொழிற்சாலை இங்கு 2016-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வண்டியின் வெற்றுடல் வர்ணம் பெற்று வெளிவரும் முறை, இக்காலத்து மோட்டார் தொழிற்சாலைகளில் பொதுவாக ஒரே விதமானதே.

முதலில் தகட்டின் எண்ணெய்ப் பசை போக்கப்படுகிறது. பிறகு துத்தநாக பாஸ்பேட் போன்ற உப்பின் நுண்ணிய படிகங்கள் அதன்மீது படியச் செய்யப்படுகின்றன. அடுத்து, வண்டியின் உடல் முழுவதும் வர்ணக் கரைசல் நிரம்பிய பெருந்தொட்டியில் அமிழ்த்தப்பட்டு மின்சாரம் செலுத்தப்படுகிறது. மின்சாரத்தின் ஆற்றலால் வர்ணத் துகள்கள் தகட்டை நாடிச் சென்று, தூரிகை எட்டாத மூலை முடுக்குகளிலும் சீராகப் படிகின்றன. துருவைத் தடுப்பதில் இவ்வடுக்கே தலையாயது. இதன் கனம் ஏறத்தாழ 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பாகம். இதற்கு மேல் இடைப்பூச்சும், அதன்மீது நிறப்பூச்சும், யாவற்றிற்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சும் இடப்பட்டு உலைகளில் சுடப்படுகின்றன. தெளிபூச்சு உறுதிப்படுவதற்குச் சுமார் 140 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் தேவைப்படுகிறது.

இத்தனை அடுக்குகளையும் சேர்த்து அளந்தால் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான் வரையே இருக்கும். அதாவது, இரண்டு தலைமயிர்களைச் சேர்த்து வைத்த கனத்திற்கு மேல் அதிகமில்லை. உருக்குக்கும் உலகுக்கும் நடுவே நிற்பது இவ்வளவே.

கல்லடியின் கணக்கு

வர்ணத்தின் எதிரிகளுள் முதலிடம் பெறுவது சாலையில் தெறிக்கும் சிறுகல். சித்தூர் வட்டாரம் கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. கல்வெட்டுக் களங்களிலிருந்து பாறைகளையும் ஜல்லியையும் ஏற்றிச் செல்லும் லாரிகள் நெடுஞ்சாலைகளில் ஓயாமல் ஓடுகின்றன. சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பழைய பெருவழி சித்தூரைத் தொட்டுச் செல்கிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட சுமார் 70 கிலோமீட்டர்ச் சாலையிலோ யாத்திரிகர் வண்டிகள் இரவு பகலாகச் சென்றவண்ணம் உள்ளன. லாரியிலிருந்து சிந்திய ஜல்லித் துணுக்கு முன்செல்லும் வண்டியின் சக்கரத்தில் அகப்பட்டுத் தெறித்துப் பின்வரும் வண்டியின் முகப்பில் மோதுகிறது.

ஒரு கிராம் எடையுள்ள கல், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் மீது மோதுவதாகக் கொள்வோம். கல் அசையாமல் அந்தரத்தில் இருந்ததாகக் கொண்டாலும், மோதலின் வேகம் அக்கல்லை ஏறத்தாழ 39 மீட்டர் உயரத்திலிருந்து, காற்றின் தடையின்றி, வண்டியின் மீது போட்டதற்கு ஒப்பாகும். பன்னிரண்டு, பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சி அது. வேகத்தை 50 கிலோமீட்டராகக் குறைத்தால் அவ்வுயரம் 10 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகிவிடுகிறது. வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதே இதன் காரணம். கூரிய கல்லின் முனை தொடும் இடமோ மிகச் சிறியது. ஆற்றல் முழுவதும் அவ்விடத்தில் குவிவதால் வர்ணம் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது.

திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகளில் நிலைமை வேறு. முதல் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் இரண்டாவது பாதையும் அமைந்தது. வளைவுகள் மிகுந்த இப்பாதைகளில் வேகம் கட்டுப்பட்டிருப்பதால் கல்லடியின் வலிமையும் குறைவு. அங்கே வர்ணத்திற்கு நேரும் தீங்கு, நெருக்கமாக நிறுத்தப்பட்ட வண்டிகளின் கதவு விளிம்புகளாலும் உரசல்களாலும் ஏற்படுவதே.

வெயில், பால், எச்சம்

இரண்டாம் எதிரி வெயில். திருப்பதி, சித்தூர் ஆகிய ஊர்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 முதல் 14 டிகிரிக்குள் உள்ளன. ஆகையால் ஏப்ரல் மாதக் கடைசியிலும், மீண்டும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகற் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறான். கோடையில் காற்றின் உஷ்ணமே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் மேற்புறம் 70 டிகிரியை எட்டக் கூடும். அத்துடன் புற ஊதாக் கிரணங்கள் தெளிபூச்சின் ரெசின் மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இதனைத் தடுக்கவே, கிரணங்களை உறிஞ்சும் இரசாயனப் பொருள்களைத் தெளிபூச்சில் முன்கூட்டியே கலக்கின்றனர்.

மூன்றாவதாக, மேலே விழும் பொருள்கள். சித்தூர் மாவட்டம் தோதாபுரி என்னும் கிளிமூக்கு மாங்காய்க்கும் மாம்பழச்சாறு தொழிலுக்கும் புகழ் பெற்றது. மாங்காயின் காம்பை ஒடித்தவுடன் பீறிடும் பால், பழத்தின் தோலையே கருக்கவல்லது. மாநிழலில் நிறுத்திய வண்டியின் மேல் அது விழுந்து வெயிலில் காய்ந்தால் தெளிபூச்சில் தழும்பு உண்டாகிறது. பறவைகளின் எச்சமும் அத்தகையதே. உலரும்போது அது சுருங்கி, உஷ்ணத்தால் இளகியிருக்கும் தெளிபூச்சையும் தன்னுடன் இழுத்துச் சுருங்கச் செய்கிறது.

புதிய வண்டியைச் சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் விநாயகர் சந்நிதிக்குக் கொண்டுசென்று பூஜை செய்வது அப்பகுதி மக்களின் வழக்கம். முகப்பில் இடப்படும் மஞ்சளும் குங்குமமும் வர்ணத்திற்குப் பெருந்தீங்கு இழைப்பதில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் சூரிய ஒளியில் தானே வெளுத்துவிடும் இயல்புடையது. ஆனால் உலர்ந்த சந்தனத்தையும் மஞ்சளையும் துணியால் வறட்டுத் தேய்ப்பாகத் துடைப்பதுதான் தவறு. அதில் ஒட்டிய மணல் தெளிபூச்சைக் கீறிவிடும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவுதல் நலம்.

நான்காம் எதிரி உப்புக் காற்று. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் ஸ்ரீஹரிகோட்டாவும் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அக்கரையோரத்தில், கல்லடியால் உருக்குத் தெரியும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்து துருவை விரைவுபடுத்துகின்றன. காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையம், உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்கும் நிலையம் ஒன்றை மண்டபத்தில் நடத்தி வந்துள்ளது. கடலோரத்தில் துரு பற்றும் வேகம் உள்நாட்டைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி என்பதை இத்தகைய சோதனைகள் நன்கு காட்டுகின்றன.

படலத்தின் வரலாறு

வர்ணத்தின்மீது ஒட்டுநாடாவை ஒட்டும் கலை மோட்டார் தொழிலிலேயே பிறந்தது. 1920-களில் அமெரிக்காவில் இரு நிறம் பூசிய வண்டிகள் நாகரிகமாக விளங்கின. ஒரு நிறத்தை மறைத்து மற்றதைப் பூசுவதற்குப் பயன்பட்ட பசைக்காகிதம், உரிக்கும்போது வர்ணத்தையும் உடன் பெயர்த்துவிட்டது. இந்த இடர்ப்பாட்டைக் கண்ட ரிச்சர்டு ட்ரூ என்பவர், மின்னசோட்டாவிலிருந்த இன்றைய 3எம் கம்பெனியில் பணிபுரிந்தவர். அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் சுத்தமாக உரிந்துவரும் நாடாவை 1925-ஆம் ஆண்டில் அவர் உருவாக்கினார்.

படலத்திற்குரிய பிளாஸ்டிக்கின் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. 1937-ஆம் ஆண்டில் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் பாலியூரித்தேன் என்னும் பொருளைத் தயாரிக்கும் முறையைக் கண்டனர். வியத்நாம் யுத்த காலத்தில் ஹெலிகாப்டர் விசிறிகளின் முன்விளிம்பை மணலும் புழுதியும் அரித்துவிடுவதைத் தடுக்கப் பாலியூரித்தேன் நாடாக்கள் பயன்பட்டன. கடினமான உலோகம் அரிபட்ட இடத்தில், ரப்பரைப் போன்ற அப்படலம் தாக்குப்பிடித்தது. பிற்காலத்தில் பந்தய வண்டிகளின் முகப்பிலும், அதன்பின் சாதாரண வண்டிகளிலும் அது இடம்பெற்றது.

ஒன்றுக்குள் மூன்று

இன்று விற்பனையாகும் நல்ல படலம் மூன்று பகுதிகளைக் கொண்டது. நடுவில் சுமார் 150 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் தாள். அதன் அடியில் அக்ரிலிக் பசை. மேலே மிக மெல்லிய பாதுகாப்புப் பூச்சு. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 200 மைக்ரான். வண்டியின் வர்ணம் முழுவதையும் விடக் கனமான ஒரு போர்வை அதன்மேல் இருப்பதாகக் கொள்ளலாம்.

பாலியூரித்தேனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் கடினமான பகுதிகளும் மென்மையான பகுதிகளும் மாறி மாறி அமைந்துள்ளன. மென்பகுதிகள் நீண்டு கொடுக்கின்றன. கடினப் பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, வடிவம் குலையாமல் காக்கின்றன. கல் மோதும்போது தாள் நெகிழ்ந்து அமுங்கி, மோதலின் ஆற்றலை அகன்ற பரப்பிலும் சற்று நீண்ட நேரத்திலும் பரப்பிவிடுகிறது. அதனால் அடியிலுள்ள வர்ணம் பெயர்வதற்கு வேண்டிய அழுத்தத்தை எட்டுவதில்லை.

படலம் “தானே ஆறிக்கொள்ளும்” என விளம்பரங்கள் கூறுவதுண்டு. இதில் உண்மை உண்டு; ஆயினும் அதற்கு எல்லையும் உண்டு. மேற்பூச்சு, குறுக்கிணைப்புள்ள மீள்தன்மைப் பொருளால் ஆனது. துடைக்கும் துணியால் ஏற்படும் மெல்லிய கீற்றுகள் உண்மையில் பொருளை அகற்றுவதில்லை, அமுக்கி மட்டும் வைக்கின்றன. வெயிலின் உஷ்ணமோ வெந்நீரோ பட்டால் சங்கிலிகள் பழைய நிலைக்குத் திரும்பி அக்கீற்றுகள் மறைகின்றன. கத்தியாலோ கல்லாலோ அறுபட்டுப் பொருளே நீங்கிவிட்ட இடம் எவ்வளவு வெயிலிலும் நிரம்பாது.

வாங்குவோர் முதலில் கேட்டறிய வேண்டியது படலத்தின் இரசாயன வகையை. பாலியூரித்தேனில் அரோமாட்டிக் என்றும் அலிபாட்டிக் என்றும் இரு வகைகள் உண்டு. முதல் வகை வெயிலில் மஞ்சள் நிறம் அடையும். வண்டிக்கு ஏற்றது இரண்டாவது வகையே. விலை குறைந்த சில படலங்கள் பாலியூரித்தேனால் ஆனவையே அல்ல. அவை பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதனை மென்மையாக்கக் கலந்துள்ள பொருள்கள் உஷ்ணத்தில் காலப்போக்கில் வெளியேறிவிடுவதால் தாள் இறுகி, வெடித்து, உரிப்பதற்கும் கடினமாகிவிடுகிறது. இவ்வட்டாரத்துக் கோடையில் இவ்வேறுபாடு விரைவில் வெளிப்பட்டுவிடும்.

ஒட்டும் முறை

படலம் எவ்வளவு உயர்ந்ததாயினும், ஒட்டுபவரின் கைத்திறனே அதன் ஆயுளை நிர்ணயிக்கிறது. வேலை நடக்கும் இடம் வெயிலும் புழுதியும் புகாததாக இருத்தல் வேண்டும். வண்டியைக் கழுவி, வர்ணத்தில் புதைந்த இரும்புத் துகள்களையும் தாரையும் நீக்கிய பின், சிறிதளவு சோப்புக் கலந்த நீரைத் தெளிக்கின்றனர். நீரின்மேல் படலம் வழுக்கி நகர்வதால் அதனை உரிய இடத்தில் பொருத்த முடிகிறது. பின்னர் ரப்பர் விளிம்புள்ள தகட்டால் நீரைத் தள்ளி வெளியேற்றுகின்றனர். வளைவான இடங்களில் இதமான உஷ்ணம் கொடுத்துப் படலத்தை நீட்டிப் படியவைக்கின்றனர். பசை முழுப்பிடிப்பை அடையச் சில நாட்கள் ஆகும். அதுவரை அழுத்தமான நீர்த்தாரையால் விளிம்புகளைக் கழுவுதல் கூடாது.

படலத்தை வண்டியின் மேலேயே வைத்துக் கத்தியால் நறுக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. கை சிறிது பிசகினாலும் கத்தியின் முனை தெளிபூச்சை அறுத்துவிடும். காப்பதற்காகச் செய்யும் வேலையே துருவுக்கு வழி திறந்துவிடுவதாக முடியலாம். வண்டியின் மாதிரிக்கு ஏற்ப யந்திரத்தில் முன்கூட்டியே வெட்டிய படலங்களைக் கேட்டுப் பெறுதல் பாதுகாப்பானது.

பட்டறையில் மறுவர்ணம் பூசிய பகுதிகளில் தனி எச்சரிக்கை வேண்டும். தொழிற்சாலை வர்ணத்தைப்போல் அது உயர்ந்த உஷ்ணத்தில் சுடப்படுவதில்லை. அதிலுள்ள கரைப்பான்கள் வெளியேறப் பல வாரங்கள் ஆகலாம். அதற்கு முன் படலம் ஒட்டினால் கொப்புளங்கள் தோன்றும். பிற்காலத்தில் படலத்தை உரிக்கும்போது, பிடிப்புக் குறைந்த மறுவர்ணம் உடன் பெயர்ந்து வருவதும் உண்டு. ஏற்கெனவே கல்லடி பட்டுத் துரு பிடித்த இடத்தைச் செப்பனிடாமல் படலத்தால் மூடுதலும் வீண். அடியில் துரு பரவுவதை அது நிறுத்தாது.

மெழுகும் பீங்கான் பூச்சும்

சிலிக்கா அடங்கிய “செராமிக்” எனப்படும் பூச்சுகளும் சந்தையில் மிகுதியாக விற்பனையாகின்றன. இவை நீரும் அழுக்கும் ஒட்டாமல் வழிந்தோடச் செய்வதில் சிறந்தவை. கழுவும் வேலையையும் எளிதாக்குகின்றன. ஆயினும் இவற்றின் கனம் சில மைக்ரானுக்கு மேற்படுவதில்லை. 39 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததற்கு ஒப்பான கல்லை இவ்வளவு மெல்லிய பூச்சு தடுக்கும் என எதிர்பார்த்தல் இயலாது. மெழுகும் அவ்வாறே. கல்லடிக்குக் கனமும் நெகிழ்ச்சியும் ஒருங்கே வேண்டும். அவ்விரண்டும் படலத்தில் மட்டுமே அமைந்துள்ளன. படலமும் தகடு நசுங்குவதைத் தடுக்காது. பெரிய கற்களையும் தாங்காது.

எங்கே ஒட்டுவது?

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. படலம் வர்ணத்திற்குப் பதிலாக அடிபடுவதற்கென்றே வைக்கப்படும் பொருள். அடி விழாத இடத்தில் அதற்கு வேலை குறைவு. கல் மோதுவது முன்பக்க பம்ப்பர், பானெட்டின் முன்விளிம்பு, பக்கக் கண்ணாடிகளின் முகப்பு, சக்கரங்களுக்குப் பின்னுள்ள கீழ்ப்பகுதி ஆகிய இடங்களிலேயே. கதவு விளிம்பும், கைப்பிடியின் அடியில் நகம் படும் குழிவும் உரசலுக்கு உள்ளாகும் இடங்கள். சித்தூர் நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்லும் வண்டிக்கு இவ்விடங்களை மட்டும் நல்ல படலத்தால் மூடினாலே பயனில் பெரும்பகுதி கிட்டிவிடும். செலவோ முழு வண்டிக்கு ஆவதில் ஒரு பங்கே. கூரைக்கும் பின்கதவுக்கும் கல்லடியால் ஆபத்து மிகக் குறைவு. அவற்றிற்கு நிழலும், எச்சத்தையும் மாம்பாலையும் அன்றே கழுவும் பழக்கமும் போதும். ஊருக்குள் மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இப்படலம் இன்றியமையாததன்று.

நிறமற்ற படலம் வண்டியின் நிறத்தை மாற்றுவதில்லை. நிறத்தையே மாற்றும் படலத்தை ஒட்டுவோர் அம்மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் குறிக்கச் செய்தல் வேண்டும். கண்ணாடிகளில் படலம் ஒட்டுவது முற்றிலும் வேறு விஷயம். அது பற்றி 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு பிறப்பித்தது. பின்னர் விதிகளிலும் திருத்தங்கள் செய்யப்பட்டன. வர்ணத்திற்கு ஒட்டுபவர் கூறுவதை நம்பிக் கண்ணாடிக்கும் ஒட்டிவிடுதல் கூடாது.

படலம் நிரந்தரமானதன்று. நல்ல வகை பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். மஞ்சளிப்போ, விளிம்பில் வெடிப்போ தோன்றினால் காலம் தாழ்த்தாமல் உரித்துவிட வேண்டும். முதிர்ந்து இறுகிய படலம் துண்டு துண்டாகவே வரும், பசையும் தங்கிவிடும். இளஞ்சூடு கொடுத்து, மேற்பரப்பை ஒட்டித் தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுப்பதே முறை. ஒட்டும்போதே உத்தரவாதச் சீட்டில் பாலியூரித்தேனின் வகை, கனம், ஆண்டுக் கணக்கு ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்வது, பணம் செலுத்தும் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கையாகும்.